கூறைச் சேலையில் ஒரு முழம்

"பாத்து, பாத்து! கோழிக்குஞ்சுடா, சிமெண்டு மூட்டை இல்ல. மெதுவாத் தூக்கு லா!"

முகைதீன் விமானத்தின் வாசலில் குந்திக்கொண்டு கத்தினான். கீழே மழையில் நின்ற சுந்தரம் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தான். பெட்டிக்குள் நூறு குஞ்சுகள் கீச்கீச்சென்று ஒரே கூப்பாடு. முந்தின நாள்தான் பொரித்தவை. இப்படி எழுபது பெட்டி.

டிசம்பர் மாத மழை. விடிந்து அரை மணி நேரம் ஆகியும் பாய லேபார் விமான நிலையத்தில் விளக்குகளை அணைக்கவில்லை. பண்ணை முதலாளியான தவுக்கே குடையோடு ஓரமாக நின்று நிமிடத்துக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் கூச்சிங் போய்ச் சேராவிட்டால் பாதிக் குஞ்சு செத்துப்போகும்.

போன வருஷம் மலேசியா என்று ஒரே நாடு ஆனபிறகு கூச்சிங்கும் ஜெசல்டனும் உள்நாடாகிவிட்டன. கடலைத் தாண்டிப் போனாலும் உள்நாட்டுப் பயணம்தான். நாடு பெரிதானால் வேலையும் பெரிதாகும் என்று, விமானங்களை வாடகைக்கு விடுகிற சார்ட்டர் கம்பெனியின் மேனேஜர் துரை ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். வேலை பெரிதாகத்தான் ஆனது. ஆள்தான் சிறுத்துப்போனது. ஆறு லோடர்களில் நாலு பேரை அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் சுந்தரமும் முகைதீனும். இந்த இரண்டு பேரில் ஒருவர் விமானத்தோடு போய் அந்தப் பக்கம் சரக்கை இறக்கவேண்டும். இன்றைக்கு முகைதீன் முறை.

"டேய் சுந்தரம், சாயங்காலம் தேக்கா மார்க்கெட்டுல ரெண்டு மாங்கா வாங்கி ரபியாகிட்ட குடுத்துடு. நல்லாப் புளிக்கணுமாம். நேத்து ராத்திரியெல்லாம் அதே பாட்டு."

"ஆறு மாசத்துலயும் மாங்காவா? நீ வாங்கிக் குடுக்காம ஏமாத்தியிருப்ப."

"நான் பறந்துக்கிட்டே இருந்தா எங்கடா போய் வாங்குறது?"

ரவல் ரோட்டில் ஒரே மாடியில்தான் இரண்டு குடும்பமும் இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் முகைதீன் மனைவி ரபியா இருமினால் இந்தப் பக்கம் சுந்தரத்தின் மனைவி லீலா வெந்நீர் வைப்பாள்.

சுந்தரத்துக்குக் குஞ்சுப் பெட்டியைவிட இன்னொரு வேலைதான் முக்கியமாக இருந்தது. விமானத்தின் மூக்குக்குக் கீழே இடதும் வலதுமாக விரல் தடிமனில் இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காற்றுப் போனால்தான் கேப்டனுக்கு முன்னால் குழாய்க்கு ஒன்றாக இருக்கிற இரண்டு வேகமுள்ளும் அசையும். விமானம் நிற்கும்போது குளவி கூடு கட்டாமலும் மழைத் தண்ணீர் போகாமலும் இருக்க, குழாய்களுக்குத் தடித்த துணியில் உறை மாட்டி வைப்பார்கள். உறையிலிருந்து ஒரு முழம் சிவப்பு நாடா தொங்கும், கண்ணில் பட்டால்தானே கழற்றுவார்கள்! கிளம்புவதற்கு முன்னால் லோடர் இரண்டு உறையையும் கழற்றிக்கொண்டு, கேப்டனின் ஜன்னலுக்கு எதிரே நின்று, இரண்டு நாடாவையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டவேண்டும். கேப்டன் எண்ணிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்.

இடது பக்கத்து உறையில் நாடா அறுந்து மூன்று வாரமாகிறது; வெறும் உறையைத்தான் தூக்கிக் காட்டிவந்தார்கள். உறையும் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய், மங்கின வெளிச்சத்தில் குழாயோடு குழாயாகக் கிடந்தது. சுந்தரம் இரண்டு தடவை பேரின்பநாயகத்திடம் போய்ச் சொல்லிவிட்டான். அவர் கம்பெனிக் கிராணி. இண்டென்ட் எழுதிச் சாமான் வாங்குவது, சரக்கு எழுதுவது, டெலிபோன் எடுப்பது எல்லாம் அவர்தான்.

"இண்டென்ட் போட்டாச்சு, ஐசே. வரும்," என்பார். எங்கே வந்தது?

கடைசியில் நேற்றுச் சாயங்காலம் லீலா தகரப் பெட்டியைத் திறந்து தன் கூறைச் சேலையை எடுத்தாள். கான்வாஸ் துண்டொன்றில் புது உறை தைத்து வைத்திருந்தாள். நாடாவுக்குத்தான் சிவப்புத் துணி இல்லை.

"ஏய், கல்யாணச் சேலையையா வெட்டப்போற?" என்று பதறினான் சுந்தரம்.

"ஓரத்துல எலி கடிச்சிருக்கு, பாருங்க. இனிமே இதக் கட்டிக்கிட்டு எந்தக் கச்சேரிக்குப் போகப்போறேன்? முகைதீன் அண்ணன் போற பிளேன். அதுக்கு நாடா இல்லாம இருந்தா நல்லாவா இருக்கு?"

ஜரிகையோடு ஒரு முழம் வெட்டி, நாலாக மடித்து உறையில் தைத்துக் கொடுத்தாள். அதைத்தான் இன்றைக்குக் காலையில் சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தான். இந்த விமானம் கிளம்பும்போது கழற்றுகிற பழைய உறையை வீசிவிட்டு, இனிமேல் இதை மாட்டவேண்டும் என்பது அவன் எண்ணம்.

ஐம்பத்தெட்டாவது பெட்டி ஏறியபோது கேப்டனும் ஏறிவிட்டார். சுந்தரம் மூக்குப் பக்கம் போய் வலது உறையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். இடது பக்கம் திரும்பப்போனபோது கொட்டகையிலிருந்து கிராணியார் கத்தினார்.

"சுந்தரம்! இஞ்ச பன்னெண்டு பெட்டி மழையில நனையுது. அங்க என்ன செய்யிறீர்? ஓடியாரும்!"

ஓடினான். பன்னிரண்டு பெட்டியையும் ஏற்றி, ஏணியை இழுத்து, கதவை அடித்துச் சாத்தியபோது மூச்சு வாங்கியது. கண்ணில் மழைத் தண்ணீர். கேப்டன் ஜன்னலைத் திறந்து கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். சுந்தரம் ஜன்னலுக்கு எதிரே ஓடி நின்றான். தோளிலிருந்ததை ஒரு கை எடுத்தது. இடுப்பில் சிவப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதை இன்னொரு கை எடுத்தது. இரண்டையும் தலைக்கு மேல் தூக்கினான். கேப்டன் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரங்கள் உறுமின. விமானம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடி, மேகத்துக்குள் ஏறி மறைந்தது.

கொட்டகையில் உறைகளை மாட்ட இரண்டு ஆணிகள் உண்டு. முதல் ஆணியில் பழசை மாட்டினான். இரண்டாவதை மாட்டக் கையைத் தூக்கியபோது அந்துருண்டை வாசம் அடித்தது.

எண்ணெய் நாற்றம் இல்லை. கையைத் தாழ்த்திப் பார்த்தான். நாடாவில் ஜரிகை.

ஐயோ!

ஒருவேளை இடது உறையைக் கழற்றி எங்கேயாவது போட்டிருப்போமோ? தோளைத் தடவினான், இடுப்பைத் தடவினான், வெளியே ஓடி விமானம் நின்ற இடத்தைக் குனிந்து குனிந்து பார்த்தான். எண்ணெய் மிதக்கிற தண்ணீரும் கொஞ்சம் வைக்கோலும்தான் கிடந்தன. கழற்றவில்லை. குழாயை மூடியபடியே விமானம் போய்விட்டது.

ஒரு முள் தூங்கினால் இன்னொன்று இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வழியில்லை. வலது பக்கத்து முள் பத்து நாளாகச் சண்டித்தனம் பண்ணுகிறது. மெக்கானிக் ஆ ஹுவாட் அதைப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். புது முள் வருகிறவரை இடது பக்கத்து முள் போதும் என்று துரை கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த இடது பக்கத்து முள்ளைத்தான் சுந்தரம் இப்போது மூடி அனுப்பியிருக்கிறான். 'வேகம் தெரியாட்டி கேப்டன் குருடு. மெதுவாப் போனா பிளேன் கல்லு மாதிரி விழும்' என்று ஆ ஹுவாட் ஒருநாள் டீ குடிக்கும்போது கையைக் கவிழ்த்துக் காட்டியிருந்தார். அந்தக் கைதான் இப்போது கண்ணுக்கு முன்னால் வந்து வந்து கவிழ்ந்தது.

உள்ளே முகைதீன் இருக்கிறான். சரக்கோடு போகிற பிரயாணிகள் நாலு பேர். இரண்டு பைலட்.

சொன்னால் வேலை போய்விடும். அது அவனுக்குத் தெரியாமலில்லை. இந்த எண்ணம் வந்ததே என்று தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. கிராணியாரின் மேசைக்கு ஓடினான்.

"ஐயா, இடது உறை... கழட்டலீங்க. பிளேன்லயே இருக்கு."

பேரின்பநாயகம் பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாயின.

"என்ன கதைக்கிறீர்? காட்டினீரே! நானும் இஞ்ச இருந்து கண்டனான். ரெண்டு சிவப்பு."

"ஒண்ணு இதுங்க. எம் பொஞ்சாதி தச்சுக் குடுத்தது." மேசைமேல் வைத்தான். "டவருக்குச் சொல்லுங்க ஐயா. சீக்கிரம்!"

அவர் டெலிபோனை எடுத்தார். கூப்பிட்டது விமானங்களோடு ரேடியோவில் பேசுகிற டவரை அல்ல, துரை வீட்டை. ஆங்கிலத்தில் 'எஸ் சேர், எஸ் சேர்' என்று நாலைந்து தடவை சொன்னார். வேர்த்து வழிந்தது. வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"பொறுக்கட்டாம். டவருக்குச் சொன்னா அது எழுத்தில ஏறும். அடுத்த மாசம் லைசென்ஸ் விசாரணை இருக்கு. கேப்டன் கெட்டிக்காரன், தானே கண்டுபிடிச்சுத் திரும்பிடுவாராம். பத்து நிமிஷம் பாக்கட்டாம்."

"பத்து நிமிஷமா? அது தரையிலயா ஐயா நிக்குது, பத்து நிமிஷம் பாக்க?"

"நான் என்ன ஐசே செய்ய? துரை சொல்லியிட்டார்."

சுந்தரம் மேசையிலிருந்த உறையைப் பறித்துக்கொண்டு ஓடினான். டவர் அந்தக் கோடியில் இருந்தது. லோடர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது சட்டம். நடுவில் ஒரு விமானம் திரும்பிக்கொண்டிருக்க, அதன் இறக்கைக்குக் கீழே குனிந்து ஓடினான். யாரோ விசில் ஊதினார்கள். டவர் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா குறுக்கே கையை நீட்டினார். அவரைத் தள்ளிவிட்டுப் படிகளில் ஏறினான். எத்தனை படி என்று தெரியாது.

மேலே கண்ணாடி அறை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காதில் கருவியோடு திரும்பிப் பார்த்தார்.

"துவான்! கப்தேன் புன்யா பைப் பெலூம் புக்கா!"

கேப்டனின் குழாயை இன்னும் திறக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு இருந்த மலாய் அவ்வளவுதான். அந்த மனிதருக்குச் சட்டென்று புரியவில்லை. சுந்தரம் உறையை நீட்டி, அதற்குள் ஆள்காட்டி விரலை விட்டுக் காட்டினான். வானத்தைக் காட்டினான். அவர் முகம் மாறியது. ஒலிவாங்கியைப் பிடித்து விமானத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பதில் இல்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. முகைதீன் பெட்டிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிகரெட்டைக் காதில் செருகியிருப்பான். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மாரியாத்தா, அவனைக் கொண்டுவந்து சேர்த்துடு, என் வேலையை எடுத்துக்கோ, என்று சுந்தரம் வாய்விட்டே சொன்னான்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கரகரவென்று ஒரு குரல் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் வேகமாகப் பேசினார். அந்தக் குரல் ஏதோ கேட்டது, இவர் சொன்னார். கடைசியில் அவர் ஒலிவாங்கியை வைத்துவிட்டு, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். திரும்பி வருகிறார்கள். ஆனால் இன்னும் இறங்கவில்லை. அடுத்த நிமிடம் கீழே தீயணைப்பு வண்டிகளின் மணி அடித்தது.

நாற்பது நிமிடம். எண்ணெயைக் குறைப்பதற்காக விமானம் கடல்மேல் சுற்றியது. சுந்தரத்தைக் கீழே இறக்கி ஜாகாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தள்ளிவிட்டதற்கு அடிப்பார் என்று நினைத்தான். அவர் ஒரு சிகரெட் கொடுத்தார். அதைப் பற்றவைக்காமலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு அது வந்தது. வேகம் அதிகம், பார்த்தவுடனே தெரிந்தது. சக்கரம் தரையில் பட்டு எம்பியது, மறுபடி பட்டது, ஓடுபாதை முழுக்க ஓடியது, அதையும் தாண்டிப் புல்லுக்குள் இறங்கிச் சேற்றில் ஒரு சக்கரம் புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தீப்பிடிக்கவில்லை. தூரத்தில் குஞ்சுகள் கத்துகிற சத்தம் கேட்டது.

சுந்தரம் போய்ச் சேர்ந்தபோது முகைதீன் ஈரப்புல்லில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வாந்தி, தலையெல்லாம் மஞ்சள் பூஞ்சிறகு.

"வலது பக்க முள்ளு நல்லாத்தான் ஆடுச்சாம்டா. அத நம்பித்தான் ஏறினாராம். மேகத்துக்குள்ள போனதும் அதுவும் படுத்துக்கிச்சாம். ரெண்டு தரம் அப்படியே கீழ போச்சு. குடல் வாய்க்கு வந்துடுச்சு. எந்த நாய்டா அந்த உறையக் கழட்டாம விட்டது?"

"நான்தான்."

முகைதீன் நிமிர்ந்து பார்த்தான். எழுந்தான். ஓங்கி ஒரு அறை விட்டான். பிறகு அதே கையால் சுந்தரத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அவன் நெஞ்சில் தலையை முட்டி அழுதான்.

"ரபியாகிட்ட சொல்லிடாதடா. வயித்துப் புள்ளக்காரி."

அன்று சாயங்காலம் சுந்தரம் தேக்காவில் மாங்காய் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் நாள் விசாரணை. கம்பெனி அறையில் நீள மேசை, அந்தப் பக்கம் துரையும் அரசாங்க அதிகாரி ஒருவரும். பேரின்பநாயகம் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார், ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வதும் அவர் வேலை. மேசை நடுவில் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் லீலா தைத்த உறையை வைத்திருந்தார்கள். டவரில் அவன் கையிலிருந்து வாங்கி வைத்தது.

துரை அதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். கிராணியார் தாளைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்:

"கம்பெனி புது உறை குடுத்திருக்கு. நல்ல சிவப்பு நாடா, ஒரு முழத்துக்குக் குறையாம. இதைக் கையில வச்சுக்கொண்டே நீர் பழைய உறையைக் கழட்டாம விட்டிட்டீர் எண்டு சொல்லுறார்."

சுந்தரத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசையை நோக்கி ஓரடி வைத்தான்.

"இல்லீங்க! அது கம்பெனி குடுத்தது இல்லீங்க. எம் பொஞ்சாதி தச்சது. அவ கல்யாணச் சேலைங்க அது, ஜரிகையப் பாருங்க. கிராணி ஐயாகிட்ட ரெண்டு தரம் கேட்டேன். ஐயா, நீங்க சொல்லுங்க!"

அதிகாரி பேரின்பநாயகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். துரையும் பார்த்தார். கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"கம்பெனி சப்ளை, சேர்," என்றார்.

இது சுந்தரத்துக்கும் புரிகிற ஆங்கிலம்தான். அதிகாரி எழுதிக்கொண்டார். வலது பக்கத்து முள்ளைப் பற்றி அவன் சொல்ல வாயெடுத்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார்கள். ஜாகாவைத் தள்ளியதும், அனுமதியில்லாமல் டவரில் ஏறியதும் தனிக் குற்றங்களாக வாசிக்கப்பட்டன. அன்றைக்கே சீட்டைக் கிழித்தாயிற்று.

நடையில் பேரின்பநாயகம் பின்னாலேயே வந்தார்.

"சுந்தரம், எனக்கு வீட்டில கட்டிக்குடுக்க மூண்டு குமர். ஓய்வுக்கு ரெண்டு வருஷம் கிடக்கு. இந்த வயசில என்னை வேற ஆர் எடுப்பினம்? பயம் ஐசே. பயம்தான்."

சுந்தரம் அவர் முகத்தைப் பார்த்தான். திட்டுவதற்கு வாயில் நிறைய இருந்தது. சைக்கிளை எடுக்கப் போய்விட்டான்.

வீட்டில் சோறு போட்டபடியே லீலா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாள். கடைசியில் கேட்டாள்:

"என் சேலைத்துண்டையாவது திருப்பிக் குடுத்தாங்களா?"

"இல்ல. கம்பெனி சொத்தாம்."

"அடப்பாவிங்களா!" என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ரபியா இருந்ததால் அதற்குமேல் குரலை உயர்த்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சுந்தரம் சைக்கிளை எடுத்தான். ஆனால் சைக்கிள் பழகின பக்கமே போயிற்று. விமான நிலையத்துக் கம்பிவேலியோரம் இறங்கி நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பெனியின் இன்னொரு விமானம் நின்றது, மறுபடியும் குஞ்சுப் பெட்டிகள். புது ஆள் யாரையும் காணோம். முகைதீன் ஒருத்தனே கீழிருந்து பெட்டியைத் தூக்கி வாசலில் வைப்பதும், மேலே ஏறி உள்ளே அடுக்குவதும், மறுபடி குதிப்பதுமாக இருந்தான். கொட்டகையிலிருந்து யாரோ கத்துவது கேட்டது.

எல்லாம் ஏறியதும் முகைதீன் மூக்குப் பக்கம் ஓடினான். கேப்டனின் ஜன்னலுக்கு எதிரே நின்று இரண்டு கையையும் தூக்கினான். சுந்தரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒன்று. இரண்டு. இரண்டாவதில் ஜரிகை மின்னியது. குழாய்களைப் பார்த்தான். தூரம், சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

கேப்டன் கட்டைவிரலை உயர்த்தினார். உறைகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் மாட்டக் கீழே வேறு ஆள் இல்லை. முகைதீன் அவற்றை இடுப்பில் செருகிக்கொண்டே வாசலுக்கு ஓடித் தாவி ஏறினான், தானே ஏணியை உள்ளே இழுத்தான், தானே கதவை இழுத்துச் சாத்தினான்.

விமானம் நகர்ந்தது. சாத்திய கதவின் இடுக்கில் லீலாவின் ஒரு முழம் சிவப்பு நாடா வெளியே மாட்டிக்கொண்டு, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே போயிற்று.